கட்டடங்களை எண்ணினோம், பிள்ளைகளை எண்ணவில்லை

ஜுரு வட்டாரத்தில் இந்த ஆண்டு ஐந்து வயதைத் தொட்ட தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? எந்தெந்தத் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், குடியிருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேரைத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பதிந்திருக்கிறார்கள்? பதியாதவர்கள் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிவைத்த ஒரு நோட்டுப் புத்தகம் நம்மிடம் இல்லை. திருவிழாவுக்கு உபயம் கொடுத்தவர்களின் பெயர்களை ஆண்டுவாரியாக வைத்திருக்கிறோம். தேர்தல் நேரத்தில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று மனப்பாடமாகச் சொல்கிறோம். எந்த வீட்டில் அடுத்து ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதுக்கு வருகிறது என்பது மட்டும் நமக்குத் தெரியாது. தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறை கவலைப்படுகிறோம். அந்தக் கவலைக்கு நாம் செய்த வேலை என்ன என்று கேட்டால் கணக்குக் காட்ட ஒன்றுமில்லை.

நாம் என்று நான் சொல்வது யாரை? தோட்டத்துப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு பிறை, புக்கிட் மின்யாக் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்களாக, அரசாங்கக் குமாஸ்தாக்களாக, ஆசிரியர்களாக, லோரி வைத்துத் தொழில் நடத்துபவர்களாக வளர்ந்த தலைமுறையை. கோயில் தலைவர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார், பள்ளி வாரியத்தார், முன்னாள் மாணவர்கள், கட்சிக் கிளைக்காரர்கள், இயக்கத்தார், என்னைப் போல் எழுதுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குற்றம் வெளியே இருப்பதாக இதுவரை நிறையப் பேசிவிட்டோம். இனி உள்ளே பார்க்க வேண்டும்.

எங்கிருந்து வந்தோம்

பினாங்கின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையில் இருக்கிறது ஜுரு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு சுங்கச்சாவடியின் பெயர். கடல் உணவு தேடி வருகிறவர்களுக்கு ஜுரு ஆற்றின் முகத்துவாரம். கார் வாங்க வருகிறவர்களுக்கு ஆட்டோ சிட்டி. நமக்கு மட்டும் அது இன்னும் தோட்டம்.

வெல்லெஸ்லி மாகாணம் என்று ஆங்கிலேயர் பெயரிட்டிருந்த இந்த நிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. பத்து காவான், கலிடோனியா, பிறை என்று அந்தத் தோட்டங்களின் பெயர்கள் இன்னும் நம் வாயில் இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர்கள் கரும்பு வெட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. அவர்களின் பிள்ளைகள் பால் மரம் வெட்டினார்கள்.

தோட்டப் பள்ளிகள் துரைமாரின் கருணையால் வந்தவை அல்ல. கூட்டு மலாய் மாநிலங்களில் 1912-இல் வந்த தொழிலாளர் சட்டமும் அடுத்து வந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டமும், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றன. தோட்டங்கள் பலவும் அதை அரைமனதோடுதான் செய்தன. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரே ஆசிரியர். சில இடங்களில் கங்காணியோ கணக்குப்பிள்ளையோ வாத்தியாராக நின்றார். அந்தக் கொட்டகைக்கும் பிள்ளைகளை அனுப்பிவைத்தார்கள் நம் பாட்டிகள். விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகிற தாய், தூங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பி, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். பள்ளி நேரம் வந்ததும் அந்த அக்கா எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக நடத்திக் கொண்டுபோய் விட்டாள். அந்த ஏற்பாட்டைச் செய்ய எந்தச் சங்கமும் தேவைப்படவில்லை. வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன வயது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

1957-இல் நாடு விடுதலை அடைந்தபோது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. பினாங்கு மாநிலத்தில் 28. அவற்றுள் ஒன்று ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. 1970-களில் பிறைத் தொழிற்பேட்டை வளர்ந்தது. பின்னர் தோட்டங்கள் துண்டு துண்டாகி வீடமைப்புப் பகுதிகளாயின. 2014-இல் பத்து காவானிலிருந்து தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்தது. நிலத்தின் விலை ஏறியது, லயங்கள் போயின. சிம்பாங் அம்பாட், புக்கிட் மின்யாக், புக்கிட் தெங்கா, புக்கிட் மெர்தாஜாம் என்று நம் குடும்பங்கள் சிதறின. பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் தங்கிவிட்டது.

சிதறிய குடும்பங்களைத் தேடிப் போய் மறுபடி ஒரு பட்டியலில் சேர்த்திருக்க வேண்டியது யார்? நாம்தான். அங்கேதான் நம் முதல் பிழை நிகழ்ந்தது. லயம் இருந்தவரை ஊரே ஒரு பதிவேடாக இருந்தது. லயம் போன பிறகு அந்தப் பதிவேட்டை நாம் எழுதிவைக்கவில்லை.

நாம் சொல்லும் காரணங்கள்

அரசாங்கம்தான் காரணம் என்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளைத் தேசியப் பள்ளிகளாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சர் கையில் கொடுத்திருந்தது. பல பத்தாண்டுகள் அந்தப் பயத்தோடு வாழ்ந்தோம். இன்றும் பல தமிழ்ப்பள்ளிகள் அரசின் பாதி உதவியில்தான் ஓடுகின்றன. நிலம் தோட்டக்காரர் பெயரில் இருப்பதால் முழு உதவி கிடைப்பதில்லை. இதற்காகப் போராடியவர்களை மறக்கக் கூடாது. ஆனால் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்று தொடுத்த வழக்குகளை 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. பள்ளி நடக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வகுப்பில் பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைக்க எந்த நீதிபதியாலும் முடியாது.

பணம் இல்லை என்கிறோம். ஒரு காலத்தில் அது முழு உண்மை. 2008-க்குப் பிறகு பினாங்கு மாநில அரசு மட்டுமே தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் ஒதுக்கி வந்திருக்கிறது. கூட்டரசு அரசாங்கமும் கட்டட நிதி தந்திருக்கிறது. மண்டபம், கணினி அறை, கூரை போட்ட திடல் எல்லாம் வந்தன. ஒவ்வொரு திறப்பு விழாவிலும் படம் எடுத்துக்கொண்டோம். அந்த வகுப்பறைகளில் உட்காரப் போகிற பிள்ளைகளின் பெயர்களை எந்த மேடையிலும் நாம் வாசிக்கவில்லை.

பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது என்கிறோம். இதுவும் உண்மைதான், பெரிய உண்மை. மலேசிய இந்தியப் பெண்களின் குழந்தைப்பேறு சராசரியாக ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாடு முழுவதும் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை இன்று எண்பதாயிரத்தை ஒட்டி நிற்பதற்கு இது முதற்காரணம். ஆனால் பிள்ளைகள் குறைவாகப் பிறக்கும் சமூகம் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் தேடிப் போக வேண்டாமா? நாடு முழுவதும் நம் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் தேசியப் பள்ளிகளிலும் சீனப்பள்ளிகளிலும் சேர்கிறார்கள். அந்தப் பாதியைப் பிறப்பு விகிதம் கொண்டுபோகவில்லை. அவர்கள் பிறந்தார்கள், நம் கண்முன் வளர்ந்தார்கள், வேறு வாசலில் நுழைந்தார்கள். நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெற்றோரைக் குற்றவாளியாக்கினோம்

சீனப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பத்தைப் பற்றி நாம் எப்படிப் பேசினோம்? மொழிப்பற்று இல்லாதவர்கள், வேர் அறுந்தவர்கள், நாலு காசு வந்ததும் மாறிவிட்டவர்கள் என்றோம். மேடையில் பேசினோம், பத்திரிகையில் எழுதினோம். அந்தத் தாயின் வீட்டு வாசலுக்குப் போய், "ஏம்மா, பிள்ளைய அங்க போட்டீங்க? நம்ம பள்ளியில என்ன குறை?" என்று தன்மையாகக் கேட்டவர்கள் வெகு சிலர்.

கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். கணவனும் மனைவியும் தொழிற்சாலையில் வேலை. காலை ஏழு மணிக்கு ஏறினால் இரவு ஏழு மணிக்கு இறங்கும் ஷிப்ட். தமிழ்ப்பள்ளி மதியம் ஒரு மணியளவில் விட்டுவிடும். ஒரு மணியிலிருந்து ஏழு மணி வரை அந்த ஏழு வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது? வீட்டுப் பக்கத்தில் இருக்கும் வேறு பள்ளியின் வாசலில் பராமரிப்பு மையத்து வேன் நிற்கிறது. பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்ச் சோறு போட்டு, குளிக்கவைத்து, வீட்டுப்பாடம் செய்யவைத்து, தாய் வரும்வரை வைத்திருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளி ஐந்தாறு மைல் தள்ளி இருக்கிறது. வேன் அந்தத் தாமானுக்குள் வராது; வந்தால் கட்டணம் கூடுதல். பெற்றோர் தமிழை வெறுத்து எடுத்த முடிவு அல்ல அது. பிள்ளை தனியாக இருக்கக் கூடாது என்று எடுத்த முடிவு. நாமாக இருந்தாலும் அதையே செய்திருப்போம்.

முன்பு பிரட்டுக்குப் போன தாயின் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாள். இன்று ஷிப்டுக்குப் போகும் தாய்க்கு அந்த அக்கா இல்லை. அந்த இடத்தில் ஒரு பராமரிப்பு மையத்தையும் ஒரு வேனையும் சமூகம் நிறுத்தியிருக்க வேண்டும். நம் கோயில்களுக்கு மண்டபம் உண்டு. திருமணம் இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கிறது. நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு. பகலில் வீட்டில் இருக்கிறார்கள். வேன் ஓட்டுகிறவர்களும் நம் ஆட்கள்தான். இவை மூன்றையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேச நமக்குத் தோன்றவில்லை.

மாண்டரின் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளையும் கடைகளையும் பார்த்துவிட்டு அவர்கள் அப்படி நினைப்பதில் தவறு இல்லை. அதற்கு நாம் தாய்மொழியின் பெருமையைப் பேசிப் பதில் சொன்னோம். கேட்ட கேள்வி வேலையைப் பற்றியது. நாட்டில் சில தமிழ்ப்பள்ளிகள் கூடுதல் வகுப்பாக மாண்டரினும் சொல்லித்தருகின்றன. வாரத்தில் இரண்டு மாலை ஒரு மாண்டரின் ஆசிரியரை வரவழைக்கும் செலவு, ஒரு பெரிய விழாவின் பந்தல் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதைச் செய்யாமல் பற்று இல்லை என்று பெற்றோரைக் குறை சொன்னோம்.

இன்னும் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளிக்காக மேடையேறிய நம்மில் பலர் நம் சொந்தப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவில்லை. தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்களிலும் தமிழ்ப்பள்ளியைக் காக்க வாருங்கள் என்று துண்டறிக்கை கொடுத்தவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவரவர்க்குக் காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் தோட்டத்தில் மிச்சமிருந்த ஏழைத் தொழிலாளி அதைப் பார்த்தான். வாத்தியார் பிள்ளைக்கே வேண்டாத பள்ளி என் பிள்ளைக்கு எதற்கு என்று அவன் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை. தமிழ்ப்பள்ளியை ஏழைகளுக்கு உரிய பள்ளியாக ஆக்கியது அரசாங்கமல்ல, வசதி வந்ததும் வெளியேறிய நாம்தான்.

சேர்த்த பிள்ளையைத் தக்கவைத்தோமா

சேர்க்கையைப் பற்றியாவது பேசினோம். சேர்ந்த பிள்ளை என்ன ஆனது என்பதை அறவே பேசவில்லை.

ஆறாம் ஆண்டில் யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் ஏழு ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் பள்ளி வேலியில் தொங்கின. நாமும் பரிசு கொடுத்தோம். அதே வகுப்பில் ஆறு ஆண்டு உட்கார்ந்தும் சரளமாக எழுத்துக் கூட்டத் தெரியாமல் வெளியேறிய பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியாது. தேர்வுக்கு நிதி திரட்டினோம், தேர்வுக்குப் பூசை செய்தோம், தேர்வுக்குத் தேறாத பிள்ளையைக் கடைசி வரிசையில் விட்டுவிட்டோம். 2021-இல் அந்தத் தேர்வை அரசாங்கம் எடுத்துவிட்டது. அதன் பிறகாவது கடைசி வரிசையைப் பார்த்திருக்கலாம். பரிசளிப்பு விழா நடத்த என்ன செய்வது என்பதுதான் பல இடங்களில் பேச்சாக இருந்தது.

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. தமிழ் வழி இடைநிலைப்பள்ளி இந்த நாட்டில் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே நாளில் மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. இருபது பேர் இருந்த வகுப்பிலிருந்து ஆயிரம் பேர் இருக்கும் பள்ளிக்கு. பல தலைமுறைகளாக நம் பிள்ளைகளில் பெரும்பங்கினர் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டில்தான் எத்தனையோ பையன்கள் தடம் மாறினார்கள். முதலில் வகுப்புக்கு மட்டம், பிறகு பள்ளிக்கே மட்டம், பிறகு மோட்டார் சைக்கிள், பிறகு காவல் நிலையம். குண்டர் கும்பல்களைப் பற்றிப் பெரிய மாநாடுகள் நடத்தினோம். பதின்மூன்று வயதில் அந்தப் பையன் வகுப்பைவிட்டு எழுந்து போனபோது யாராவது வீட்டுக் கதவைத் தட்டினோமா?

ஆறாம் ஆண்டு முடிந்த பிள்ளைகளை இடைநிலைப்பள்ளியில் யாராவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். இதற்குச் சட்டமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். முன்னாள் மாணவர் சங்கங்கள் வைத்திருக்கிறோம். அவை ஆண்டு விருந்தும் கால்பந்துப் போட்டியும் நடத்துகின்றன. நேற்று முன்னாள் மாணவரான பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அந்தச் சங்கத்தில் ஓர் உறுப்பினராக நாம் நினைத்ததே இல்லை.

தமிழும் அங்கேயே நின்றுவிடுகிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு தேசியப் பள்ளியிலோ இடைநிலைப்பள்ளியிலோ குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் வகுப்பு நடத்த வழி உண்டு. பதினைந்து கையெழுத்து. எத்தனை பள்ளிகளில் அந்தப் பதினைந்து கையெழுத்தை நாம் சேகரித்துக் கொடுத்தோம்? ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் பாட எண்ணிக்கையைப் பத்தாகக் குறைக்கப் போகிறார்கள், தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று 2009-இல் செய்தி வந்தபோது கொதித்தெழுந்தோம். குரல் கொடுத்தோம், பத்தோடு இரண்டு பாடம் கூடுதலாக எடுக்க அனுமதி வாங்கினோம். வாங்கிய உரிமையைப் பயன்படுத்தும் பிள்ளைகளை உருவாக்கும் வேலை வந்தபோது கலைந்து போனோம். நம் கோபத்துக்கு வலிமை இருந்தது, தொடர்ச்சி இல்லை.

பிறர் செய்த வேலை

ஜார்ஜ் டவுனில் ஜாலான் ஜைனல் அபிடினில் 1805-ஆம் ஆண்டைச் சேர்ந்த யூதர் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சாலைக்கு முன்பு யூதர் சாலை என்று பெயர். இன்று பினாங்கில் அந்தச் சமூகம் இல்லை. ஒரு சிறுபான்மை எவ்வளவு எளிதாக ஓர் ஊரிலிருந்து காணாமல் போகலாம் என்பதற்கு அதைத் தாண்டி நாம் சான்று தேட வேண்டியதில்லை.

அந்தச் சமூகத்தின் மற்றொரு பகுதி அமெரிக்காவில் செய்ததையும் பார்க்க வேண்டும். அங்கே அவர்கள் நடத்தும் முழுநேரப் பள்ளிகளில் சமயக் கல்வியும் பொதுக் கல்வியும் சேர்ந்தே நடக்கின்றன. அரசுப் பள்ளி இலவசம். இவர்களின் பள்ளியிலோ ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் கட்டணம். பெற்றோர் விலகிப் போக நம்மைவிட வலுவான காரணம் அவர்களுக்கு இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? எண்ணினார்கள். அவி காய் என்ற அறக்கட்டளை 1998–99 கல்வியாண்டு தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்நாட்டில் உள்ள ஒவ்வொரு யூதப் பள்ளியிலும் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்தது. முதல் கணக்கில் சுமார் 1,84,000 பேர். 2018–19-இல் சுமார் 2,92,000 பேர். வளர்ச்சியின் பெரும்பகுதி பெரிய குடும்பங்கள் கொண்ட ஆசாரப் பிரிவுகளில்தான் என்பதையும், மற்றப் பிரிவுகளின் பள்ளிகள் பல சுருங்குகின்றன என்பதையும் அதே கணக்கு ஒளிக்காமல் சொன்னது. எங்கே ஓட்டை என்று தெரிந்ததால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. கட்டணச் சலுகை, பாலர் பள்ளி, மேல் வகுப்புக்குத் தாண்டும் இடத்தில் கவனம் என்று பேச்சு திரும்பியது. 2016-இல் ஐந்து தனித்தனி அமைப்புகள் தங்கள் பெயர்களை விட்டுவிட்டு பிரிஸ்மா என்ற ஒரே அமைப்பாக இணைந்தன.

நம்மிடையே எத்தனை அமைப்புகள்! 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்ற முழக்கம் நல்ல முழக்கம். அதைப் பதாகையில் எழுதி ஏந்திய இளைஞர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரே வட்டாரத்தில் மூன்று அமைப்புகள் மூன்று பதாகை கட்டி, ஒரே நாளில் மூன்று நிகழ்ச்சி வைத்து, ஒருவர் பட்டியலை மற்றவரிடம் காட்டாமல் வேலை செய்ததும் நாம்தான். நம் பெயரை விட்டுக்கொடுத்து ஒன்றாக நிற்க நமக்கு மனம் வரவில்லை.

நம் முன்னோர்க்கு அந்த மனம் இருந்தது. 1950-களில் பத்திரிகையாசிரியர் கோ. சாரங்கபாணி மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்காக 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது தோட்டத் தொழிலாளர்களும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். அவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதிக்கவே போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களின் பேரன் பேத்திகளான நமக்கு இன்று பணம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நாலு வீட்டுக் கதவைத் தட்ட மட்டும் நேரமில்லை என்கிறோம்.

ஒரு பழைய எச்சரிக்கையும் நம் ஊரிலேயே உண்டு. இந்த நாட்டில் முதல் தமிழ் வகுப்பு 1816-இல் ஜார்ஜ் டவுனில் பாதிரியார் ஹட்சிங்ஸ் நிறுவிய பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கியது. 2016-இல் இருநூறாண்டு விழா கொண்டாடினோம். போதிய ஆதரவில்லாமல் அந்த முதல் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை என்பதை விழாவில் எத்தனை பேர் நினைத்தோம்? அதை மூடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஆதரவு இல்லாததால் நின்றது. இன்று முப்பதுக்கும் குறைவான பிள்ளைகளோடு, இரண்டு வகுப்புகளை ஓர் அறையில் சேர்த்து நடத்தும் பள்ளிகளின் நிலையும் அதுதான்.

இனி செய்ய வேண்டியது

ஒப்புக்கொண்டதோடு நிறுத்தினால் இதுவும் இன்னொரு மேடைப் பேச்சாகிவிடும். செய்ய வேண்டியவை சில. எல்லாம் நம் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை.

முதலில் பதிவேடு. ஜுருவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தாமானுக்கும் ஒருவர். பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் பெயர், வயது, வீடு, எந்தப் பாலர் பள்ளி என்ற விவரங்கள். முதலாம் ஆண்டுப் பதிவு ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவே பிள்ளைக்கு நாலு வயதாகும்போதே அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பதிவு முடிந்த பிறகு போய்ப் பிரசாரம் செய்தது போதும். வேறு பள்ளியைத் தேர்ந்த பெற்றோரின் காரணத்தையும் அதே பக்கத்தில் மரியாதையோடு எழுதிவைக்க வேண்டும். அந்தக் காரணங்கள்தான் நம் வேலைத்திட்டம்.

இரண்டாவது, பாலர் பள்ளி. மூன்று ஆண்டு சீன, ஆங்கிலப் பாலர் பள்ளியில் பழகிய பிள்ளையை ஏழு வயதில் தமிழ்ப்பள்ளிக்கு வா என்று அழைப்பது தாமதம். தமிழ்ப்பள்ளி வளாகத்துப் பாலர் வகுப்பில் இடம் இருபத்தைந்து. அந்த இருபத்தைந்தும் நிறைகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. நிறைந்துவிட்டால் அடுத்த வகுப்புக்கு வழி தேடுவதும் நம் பொறுப்பு.

மூன்றாவது, பள்ளி விட்ட பிறகு பிள்ளை இருக்கும் இடம். கோயில் மண்டபத்தில் மதியம் ஒன்று முதல் இரவு ஏழு வரை, முறையான அனுமதியோடும் பயிற்சி பெற்ற பெண்களோடும், சம்பளம் கொடுத்து நடத்தும் ஒரு மையம். தொண்டர்களை நம்பி ஆரம்பித்து ஆறு மாதத்தில் மூடிவிட்டால் பெற்றோர் மறுபடி நம்மை நம்பமாட்டார்கள். ஷிப்டு நேரத்துக்கு ஏற்ற வேனும் அதோடு வர வேண்டும். அன்னதானத்துக்கு ஆள் கிடைக்கும் ஊரில் இருபது பிள்ளைகளின் மதியச் சோற்றுக்கு உபயக்காரர் கிடைக்காமல் போகமாட்டார்.

நான்காவது, ஆறாம் ஆண்டு முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர். அண்ணனோ அக்காவோ, இடைநிலைப்பள்ளியின் ஐந்தாண்டும் அந்தப் பிள்ளையின் வருகையையும் பாடத்தையும் கேட்டுக்கொண்டிருப்பவர். அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால் பதினைந்து கையெழுத்தைச் சேர்ப்பதும் அவர் வேலை.

ஐந்தாவது, நம் வீடு. தமிழ்ப்பள்ளிக்காகப் பொறுப்பு ஏற்கிறவர்கள் தம் பிள்ளை, பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பது பற்றி வீட்டில் முதலில் பேச வேண்டும். சேர்க்க முடியாத நிலை இருந்தால் அதைச் சபையில் மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை என்பது அப்போதுதான் நமக்கும் புரியும்.

இவை எல்லாவற்றையும் செய்தாலும் பிறப்பு விகிதம் ஏறிவிடாது. சில பள்ளிகள் இடம் மாறலாம், சில இணையலாம். ஜுருவைச் சுற்றியுள்ள பள்ளிகளின் எதிர்காலத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒரு பள்ளி பிள்ளைகளே இல்லாத ஊரில் மூடப்படுவது வேறு, தேடிப் போகாத சமூகத்தின் நடுவில் மூடப்படுவது வேறு. இரண்டாவது நிகழ்ந்தால் அந்தப் பழியை நாம் யார்மீதும் போட முடியாது.

அடுத்த பதிவுக் காலத்துக்குள் ஜுரு வட்டாரத்தின் முதல் பதிவேடு எழுதப்பட்டிருக்க வேண்டும். கோயில், பெற்றோர் ஆசிரியர் சங்கம், முன்னாள் மாணவர்கள், கட்சிக் கிளைகள் எல்லாருக்கும் ஒரே பதிவேடு. அதில் நம் அமைப்புகளின் பெயர் எதுவும் இருக்க வேண்டாம். பிள்ளைகளின் பெயர்கள் இருந்தால் போதும்.